நூல் கட்டிய உளுந்துச் செடிகள்

என் கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நேற்று நீ ஹைதராபாத்திலிருந்து கூப்பிட்டபோது மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் நீ பந்தல், மேளம், சாம்பார் என்று எதையாவது கேட்டுவிட்டாய். மேகலா வீட்டாருக்கு வெங்காயம் போட்ட சாம்பார் ஒரு அண்டா, நம்ம சமண நயினார் வீட்டு ஆட்களுக்குப் போடாத சாம்பார் ஒரு அண்டா என்று சம்பந்திகள் இருவரும் அரை நாள் உட்கார்ந்து பேசி முடித்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். வைத்ததும் உன் அப்பா கேட்டார், “சொல்லிட்டியா?” இல்லை என்றேன். “அப்ப எழுது. எழுதினா நடுவுல சாம்பார் வராது” என்றார். அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. நீ வெள்ளிக்கிழமை புறப்படுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொல்கிறார்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் நழுவிவிடுவேன். உன் டாக்டர் பட்டத்து ஆய்வுப் புத்தகத்தில், நன்றி சொல்லும் பக்கத்தில், ஒரு பொய் இருக்கிறது. அதை எழுதியது நீ, எழுத வைத்தது நான். “பிடுங்கி எறியப்பட்ட என் செடிகளைக் காப்பாற்றிக் கொடுத்த என் அம்மாவுக்கு” என்று போட்டிருக்கிறாயே, அந்த வரி. நீ நம்புகிற மாதிரி, நம் கொல்லையில் வேலை செய்யும் கன்னியம்மா அந்தச் செடிகளைப் பிடுங்கவில்லை. நான்தான் பிடுங்கினேன். தெரியாமலும் பிடுங்கவில்லை.

இப்போது கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள். பிறகு படி. கோபம் வந்தால் வரட்டும், ஆனால் முழுசாகப் படித்த பிறகு வரட்டும்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, உனக்கும் அந்த மஞ்சளுக்கும் ஏழாம் வகுப்பிலேயே பழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சந்தவாசல் ரோட்டுப் பக்கம் நம் கிணற்றுக் கொல்லையில் அப்போதுதான் மாசிப் பட்டத்தில் உளுந்து போட ஆரம்பித்திருந்தேன். வயல் முழுக்கப் பச்சையாக இருக்க, நடுவில் நாலைந்து செடி மட்டும் பளிச்சென்று, இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து நின்றது. தேமல் நோய், வெள்ளை ஈ கொண்டு வருவது, பிடுங்கிவிடு என்று வேளாண்மை ஆபீசில் சொல்லியிருந்தார்கள். நீயோ, “அம்மா, இது அழகா கீது, நான் வளர்த்துக்கிறேன்” என்று ஒன்றை வேரோடு தோண்டிக்கொண்டு போய்ப் பழைய பெயின்ட் டப்பாவில் நட்டு வாசலில் வைத்தாய். சாதம் வடித்த கஞ்சி ஊற்றினாய். மோர் ஊற்றினாய். மருந்து என்று உன் இருமல் சிரப்பைக்கூட ஊற்றினாய். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் டப்பா காலி. ஆடு மேய்ந்துவிட்டது என்றேன். நீ அழுதாய். பக்கத்து வீட்டு ஆட்டோடு ஒரு வாரம் சண்டை போட்டாய். அந்த ஆடு பாவம், டப்பா பக்கமே வரவில்லை. வாசலில் நோய்ச் செடி இருந்தால் கொல்லைக்குப் பரவும் என்று நான்தான் பிடுங்கிப் போட்டேன். ஆக, உன் செடியைப் பிடுங்கிவிட்டு அடுத்தவர் தலையில் போடுவது எனக்கு அது இரண்டாவது தடவை. ஆட்டிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. கன்னியம்மாவிடம் கேட்க வழி இருக்கிறது.

நீ அதே மஞ்சளைப் பிடித்துக்கொண்டு கோயம்புத்தூர் போய், பட்டம் மேல் பட்டம் வாங்கி, கடைசியில் அதையே ஆராய்ச்சி என்று நம் கொல்லைக்கே கொண்டுவந்தாய். நான் அடுப்படியில் நிற்க, நீ கடுகு டப்பாவைத் திறந்து இரண்டு கடுகை எடுத்து மேடையில் வைத்து எனக்குப் பாடம் நடத்தியது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த வைரஸ் ஒரே துண்டு இல்லை, இரண்டு துண்டு. ஏ என்று ஒன்று, பி என்று ஒன்று. ஏ பெருகும் வேலையைப் பார்க்கும். பி, செடிக்குள் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் வேலையைப் பார்க்கும். ஒன்று மட்டும் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால்தான் இலை மஞ்சள். “அப்படின்னா புருஷன் பொண்டாட்டின்னு சொல்லு” என்றேன். நீ சிரித்தாய். “ஆனா இதுல ஒண்ணு இருக்குதும்மா. ரெண்டு ஈ ரெண்டு எடத்துல இருந்து வந்து ஒரே செடியில உக்காந்தா, இந்த ஊரு ஏ அந்த ஊரு பியோட சேர்ந்துக்கும். அப்ப புதுசா ஒண்ணு கெளம்பும். நாலு வருசமா நோய் தாங்குன ரகம் அஞ்சாவது வருசம் தாங்காம போவுதே, அது ஏன்னுதான் நான் பாக்கறேன்” என்றாய். அந்த இரண்டு கடுகையும் தாளிப்பில் போட்டுவிட்டேன், அது வேறு.

அதற்காகத்தான் நூல். நம் கொல்லையில் நாற்பது செடியைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு பட்டு நூலைக் கட்டினாய். காகிதச் சீட்டு தண்ணீரில் கரைந்துவிடும், பிளாஸ்டிக்கை மாடு தின்னும், பட்டு நூல்தான் வெயிலுக்கும் தண்ணீருக்கும் நிற்கும் என்று சொல்லி ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டில் கழிவு நூல் வாங்கி வந்தாய். ஒவ்வொரு கலரும் ஓர் இடம், ஒரு அளவு. கிணற்றோரம் கடும் மஞ்சள் என்றால் வாடாமல்லி நூல். வரப்போரம் லேசான மஞ்சள் என்றால் கிளிப்பச்சை. நோட்டில் நீ அந்த வீட்டார் சொல்கிற பெயரையே எழுதி வைத்திருந்தாய்: அரக்கு, பாக்கு, மயில் கழுத்து, மாம்பழம், வெங்காயத் தோல். வெங்காயம் நுழையாத நம் வீட்டில் வெங்காயத் தோல் அப்படித்தான் நுழைந்தது. அப்போதே உன் அப்பா சொன்னார், “ஒரு கூடை நூலை ஒரே தடவையில வாங்கிகினு வரலாமே, ஏன் இவன் வாரம் ஒரு கலரு வாங்கப் போறான்?” நான் எதுவும் கேட்கவில்லை. தொழில் விஷயம் என்று நினைத்தேன், போ.

நீ கோயம்புத்தூர் கிளம்பும்போது என்னை வரப்பில் நிற்க வைத்துச் சொன்னது: “அம்மா, நூல் கட்டின செடி எதையும் தொடக் கூடாது. பூ எடுக்கற வரைக்கும் நிக்கணும். நான் ஐஸ் பெட்டியோட வந்து இலை எடுத்துக்கறேன். இந்த மாசிப் பட்டம் தவறிச்சின்னா எனக்கு ஒரு வருசம் போச்சு.” சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லையே தவிர, சத்தியம் மாதிரிதான் சொன்னேன். ஒரு வருஷம் என்றால் உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது என்று உன் அப்பாவிடம் நீ பேசியதும் என் காதில் விழுந்திருந்தது.

ஆனால் அந்த வருஷம் நம் கொல்லை விதைப்பண்ணை. மறந்துவிட்டாயா? நோய் தாங்கும் ரகம் என்று நான் நாலு வருஷமாகப் போட்டு, நாலு வருஷமும் பச்சையாக எடுத்த உளுந்து. இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளை பெயரில் விதைப்பண்ணை என்றால் அது என் பெயர் ஒன்றுதான். தெள்ளார் வரைக்கும் ஆட்கள் வந்து “நயினாரம்மா உளுந்து” என்று கேட்டு வாங்கிப் போவார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போயிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நீ போன எட்டாம் நாள், விதைச்சான்று ஆபீசர் மறுநாள் வயல் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. நான் சாயங்காலம் போய் வரப்பில் நின்று பார்த்தேன். நூல் கட்டியதில் பாதிக்கு மேல் நன்றாக மஞ்சளாகி, தூரத்திலிருந்தே தெரிகிறது. போதாததற்கு ஒவ்வொன்றுக்கும் பட்டு நூல் வேறு, நோய் இங்கே இருக்கிறது பார் என்று கொடி கட்டி வைத்த மாதிரி.

விதைப்பண்ணையில் நோய்ச் செடியையும் கலப்புச் செடியையும் பிடுங்குவது வழக்கமான வேலைதான், தப்பில்லை. ஆபீசரிடம், இது என் மகன் ஆராய்ச்சிக்கு விட்டது என்று சொல்லியிருந்தால் அவர் என்ன கடித்தா தின்றுவிடுவார்? அது அப்போது தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம், நாளைக்கு நாலு பேர் முன்னால் என் வயலில் மஞ்சள் இருக்கக் கூடாது. வேலையாட்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். கன்னியம்மா மட்டும் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். இருட்டினால் நம் வீட்டில் சாப்பாடு கிடையாது, பொழுது சாய்வதற்குள் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். நான் இறங்கிவிட்டேன்.

பிடுங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், அதுதான் பின்னால் என்னைக் காட்டிக்கொடுத்தது. செடி வாடினால் தண்டு சுருங்கும், நீ போட்ட முடிச்சிலிருந்து நூல் நழுவிவிடும் என்று தோன்றியது. அதனால் ஒவ்வொரு செடியிலும், அது நிற்கும்போதே, உன் முடிச்சுக்கு மேல் கோயிலுக்குப் பூ கட்டுகிற மாதிரி ஒரு சுருக்குப் போட்டு இறுக்கினேன். நாற்பது சுருக்கு. பிறகு நாற்பதையும் பிடுங்கினேன். பார், எனக்கு நன்றாகத் தெரிந்தே செய்திருக்கிறேன். உன் வேலையைக் கெடுக்கிறேன் என்றும் தெரிகிறது, பாதியாவது காப்பாற்ற வேண்டும் என்றும் தோன்றுகிறது, கையும் நிற்கவில்லை.

பிடுங்கியதை எரித்துவிட வேண்டும் என்பது ஆபீசில் சொன்ன விதி. இலைக்கு அடியில் வெள்ளை ஈயும் அதன் முட்டையும் அப்பியிருக்கிறது. அதை நெருப்பில் போட எனக்கு எப்படி மனசு வரும்? நம் வீட்டில் தண்ணீரையே வடிகட்டாமல் குடிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு செடியையும் வரப்பில் வைத்து மெல்ல உதறி, ஈயெல்லாம் பறந்து போகட்டும் என்று அனுப்பிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டுமுட்டு அறையில் கொடி கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். பல நாள் கழித்து, கன்னியம்மா பிடுங்கியதை எடுத்து உதறினேன் என்று இதை உன்னிடம் சொன்னபோது நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாயே: “அம்மா, நீ வைரஸுக்கு பஸ் ஏத்திவுட்டு டிக்கெட்டும் எடுத்துக் குடுத்திருக்கே.” ஊரில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது. நயினார் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் வரும்.

மறுநாள் ஆபீசர் வந்தார். வயலைச் சுற்றிப் பார்த்தார். பாராட்டினார். நான் மூன்று நாள் தரையில் நடக்கவில்லை. நாலாம் நாள் நீ ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினாய்.

வயலில் குழி குழியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நீ திரும்பி நின்றாயே, அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பெயின்ட் டப்பாவைப் பார்த்த அதே முகம். என் வாய் தானாகவே பேசியது: “கன்னியம்மா தெரியாம பிடுங்கிட்டா கண்ணு. நான்தான் பாத்து எடுத்துத் தொங்கவிட்டேன்.” அவள் பத்தடி தள்ளி நிலக்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நீ அவளிடம் போய், “ஏன்க்கா, நூலு கட்டினது கண்ணுக்குத் தெரியலையா?” என்று கேட்டாய். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தச் சாயங்காலம் கிணற்றடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள். ஒரு வார்த்தையில் என்னை மாட்டிவிட்டிருக்கலாம். “தெரியலை தம்பி” என்றாள். அவ்வளவுதான். மறுபடி குனிந்து களையைப் பிடுங்கினாள்.

நீ திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீயாவது பாத்தியேம்மா” என்றாய். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. சொல்லவில்லை. நன்றாக இருந்தது, கண்ணு, நீ கையைப் பிடித்துக்கொண்டது. விட மனசு வரவில்லை.

அடுத்து நடந்ததுதான் எல்லாவற்றிலும் நல்லது. செடியெல்லாம் நிழலில் காய்ந்து சருகாகிவிட்டிருந்தது. ஐஸில் வைத்த பச்சை இலை இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று நீ முதலில் சோர்ந்து போனாய். பிறகு உன் புரொபசரிடம் போன் போட்டுக் கேட்டாய். நிழலில் நன்றாக உலர்ந்த இலையிலும் அந்த வைரஸ் கெடாமல் இருக்கலாம், கொண்டுவா பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் எது எங்கே நின்ற செடி என்று தெரிய வேண்டுமே. தொங்கவிடும்போது கலர்வாரியாகச் சேர்த்து நான் கட்டிய கட்டுகளில் மஞ்சளும் பச்சையும் நீலமும் சரியாகத்தான் பிரிந்திருந்தன. சிவப்பில்தான் கோட்டைவிட்டேன். என் கண்ணுக்கு அரக்கும் பாக்கும் மிளகாய்ப் பழமும் எல்லாம் சிவப்புதான், ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன். வாங்கி வந்த உனக்கும் தெரியவில்லை. அன்று மத்தியானமே நீ ஆரணிக்குப் போய், நூல் கொடுத்த வீட்டுப் பெண்ணை அவள் அப்பாவோடு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாய்.

அப்படித்தான் மேகலா நம் வீட்டு வாசற்படியை மிதித்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை. கொடிக்கு அடியில் நின்று அந்தச் சிவப்புக் கட்டை அவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, “இது அரக்கு. இது பாக்கு. இதுவும் பாக்குதான், வேற சாயம், போன மாசத்துது. இது மிளகாய்ப் பழம்” என்று மூன்றாகப் பிரித்துப் போட்டாள். நீ நோட்டை வைத்துக்கொண்டு எழுத வேண்டியவன், பேனாவைத் திறக்காமலே கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தாய். உன் அப்பா என்னைப் பார்த்தார். வாரம் ஒரு கலர் வாங்கிய ரகசியம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நான் உள்ளே போய்ப் பாயசத்துக்குப் பாலை ஏற்றினேன். இரண்டு வீட்டிலும் ஜாதி, கோயில், வெங்காயம் என்று முணுமுணுப்பு அடங்க நாலு வருஷம் ஆனது. ஆனால் என் சம்மதம் அந்தப் பால் பொங்குவதற்குள்ளேயே முடிந்துபோன விஷயம்.

ஆனால் பிரித்துப் போடும்போது நடுவில் ஒரு செடியை அவள் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். நூல் பதிந்திருந்த தண்டை நகத்தால் தடவினாள். தறிக்காரர் வீட்டுப் பெண், முடிச்சைப் பார்த்தால் விடுவாளா? என்னைப் பார்த்து, “நீங்க கட்டினதாம்மா இந்தச் சுருக்கு? நல்லா கட்டியிருக்கீங்க” என்றாள். ஆமாம் என்றேன். அவள் அடுத்த செடியை எடுத்தாள்.

எட்டு மாதம் கழித்து நீ போன் செய்து கத்திய கத்தலில் உன் அப்பா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். நாற்பதில் முப்பத்தாறு செடியில் வைரஸ் கிடைத்துவிட்டது. ஏ எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பி மட்டும் இரண்டு விதம். ஒரு விதம் இந்தப் பக்கத்து உளுந்தில் ஏற்கெனவே பார்த்தது. இன்னொன்று எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. சில செடியில் இரண்டு பியும் சேர்ந்தே குடித்தனம் நடத்தியது. அந்தப் புது ஜோடி எங்கே அதிகம் இருந்தது தெரியுமா, கிளிப்பச்சை நூலில். லேசாகத்தான் மஞ்சள், இதைப் பிடுங்கினால் யாருக்கும் தெரியாது என்று நான் முதலில் கை வைத்த செடிகளில். “நோய் தாங்கற ரகத்துக்குள்ள அது மெதுவா எடம் புடிச்சிகினு இருந்திருக்கும்மா. அப்படித்தான் தோணுது, இன்னும் பாக்கணும்” என்றாய். நீ பார்ப்பதற்குள் வயலே காட்டிவிட்டது. அடுத்த மாசிப் பட்டத்தில் நயினாரம்மா உளுந்து மூலைக்கு மூலை மஞ்சள். ஆபீசருக்குப் பயந்து நான் சுத்தமாக்கிக் காட்டிய வயல், சுத்தமாக இருக்கவே இல்லை. அந்த நாற்பதையும் அவர் பார்த்திருந்தால் ஒரு வருஷம் முன்னாலேயே ஊரில் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன் அம்மா என்றால் ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம், அத்தைமார்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்கள் இருவருக்கும் நடுவில் எங்காவது மஞ்சள் தட்டும், தட்டாமல் இருக்காது. வருகிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்று அவசரமாகப் பிடுங்கி ஒளிக்காதே. ஒரு நூலைக் கட்டி அப்படியே விடு. இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள், அது எங்கிருந்து வந்தது, என்ன ஆகிறது என்று. உன் வைரஸ் மாதிரி அந்த ஊர் பி இந்த ஊர் ஏ என்று சேர்ந்திருக்கிறீர்கள், புதுசாக என்னென்னவோ கிளம்பத்தான் செய்யும். இதை மேகலாவிடம் சொன்னபோது, “என்னை நோயின்னு சொல்றீங்களா அத்தை?” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தறியில் இருந்தவர் நூல் ஓட்டும் நாடாவைக் கைதவற விட்டுவிட்டார்.

அது போன வாரம், அவள் கல்யாணப் புடவையைத் தறியிலேயே பார்க்க ஆரணிக்குப் போனபோது. அவளே கம்ப்யூட்டரில் பார்டர் போட்ட புடவை. உடல் மாம்பழம், பார்டர் அரக்கு. மிச்ச நூலை எடுத்து என் கையில் வைத்து, “இப்பவாவது அரக்கு எது பாக்கு எதுன்னு தெரியுதா அத்தை?” என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: “அன்னிக்கே எனக்குத் தெரியும். அந்தச் சுருக்கு செடி நிக்கும்போதே போட்டது. தண்டுல நூலு பதிஞ்சி கெடந்துச்சு. வாடின பொறவு கட்டியிருந்தா பதியாது. முடிச்சு போட்டவங்கதான் பிடுங்கியிருக்கணும்.” “ஏம்மா அவன்கிட்ட சொல்லலை?” என்றேன். “நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். நாலு வருஷம் இருந்திருக்கிறாள், கண்ணு. உன்னோடு தினம் போனில் பேசுகிறவள். என் பொய்யை அவள் மூட்டை கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வரக் கூடாது. உன் பெண்டாட்டி உன்னிடம் மறைத்த முதல் விஷயம் உன் அம்மா கொடுத்ததாக இருக்கக் கூடாது. வீடு வந்ததும் உன் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஆட்டுக் கதையுமா?” என்றார். ஆமாம், அதுவும்தான்.

நேற்றுக் காலையில் கன்னியம்மாவிடம் போனேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு கடலை உடைத்துவிட்டு, “பழியை உன் மேல போட்டது தப்பு, என்னை மன்னிச்சிடு” என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அதான் நாலு வருசமா எனக்கு மட்டும் காப்பியில சக்கரை தூக்கலா போட்டுகினு வந்தீங்களா?” என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: “நீங்க சொன்னது எனக்குப் பெரிசா படலைம்மா. நாளைக்கி வேலை வேணும், நானும் தலையாட்டிட்டேன். அந்தத் தம்பி அதுக்கப்பறம் என்னை அக்கான்னு கூப்புடவே இல்லை. வரப்புல எதுக்க வந்தாலும் செடியைப் பாத்துகினு போயிடுது. அதான் பேஜாரா கீது.”

என்னிடம் இருக்கிற உன் புத்தகத்தில் அந்த நன்றி வரியை மையால் அடித்துவிட்டேன். அங்கே என்ன எழுத வேண்டுமோ அதை நீ வந்து உன் கையால் எழுது. என் மேல் கோபம் இருந்தால் கல்யாணம் முடிந்து சாவகாசமாகக் காட்டு, நான் எங்கும் போகப் போவதில்லை. நீ அன்றைக்குப் பிடித்துக்கொண்ட கையை மறுபடி பிடிக்க வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை இங்கே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் கன்னியம்மா வீட்டைத் தாண்டித்தான் நம் வீடு. தாண்டாதே. பையை அவள் வாசலில் இறக்கி வை. அவள் வீட்டில்தான் இருப்பாள், அன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று சொல்லவில்லை. அக்கா என்று கூப்பிடு.

நாற்பது சுருக்குப் போட்ட
உன் அம்மா